அவள் தொட்டால் அணையும் லேப்டாப்

இருபத்திரண்டு வருடமாக ஒரு துணிக்கடையின் பின்னறையில் பிறத்தியாருடைய பேண்ட்டுகளுக்கு அடி மடித்துத் தைத்தே அந்தத் தையல்காரியின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. முன்னால் நின்று அளவெடுப்பவருக்குத்தான் பேரெல்லாம். தைப்பது யாரென்று ஒரு வாடிக்கையாளரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஒரு நாடகக் கம்பெனி தலைமைத் தையல்காரர் தேடுகிறதாம். ராஜா அங்கி, பேய் அங்கி, சிங்கத்துக்குக் கால்சட்டை என்று விதவிதமாகத் தைக்கலாம். காலை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல், துணியில் வேலை செய்து காட்ட வேண்டும். இது தவறினால் மிச்ச ஆயுளும் பேண்ட்டுதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

வீட்டு லேப்டாப் சரியான கிழடு. பேட்டரி செத்து வருடங்கள் ஆகின்றன. சார்ஜர் வயரை ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினால்தான் கரண்ட் ஏறும். அதற்கு வைத்தியர் அவள் கணவன், லிப்ட் மெக்கானிக். வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அமுக்கி, மறுபடி செருகித் தட்டுவான். அன்றும் தட்டினான். முக்கி முனகி அது எழுந்தது.

அவள் ஜம்மென்று உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்தாள். திரை பொட்டென்று இருண்டது.

அவன் வந்து தட்டினான், எரிந்தது. அவள் உட்கார்ந்தாள், அணைந்தது. பிளக்கை மாற்றினான், வயரைத் திருகினான், தான் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எதையெதையோ டைப் அடித்தும் பார்த்தான். அவனிடம் அப்படி ஒரு சாது. அவள் கை பட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டது. இத்தனை நாள் துடைத்துத் துடைத்து வைத்ததற்கு இதுதான் மரியாதையா என்று அவள் அதனோடு சண்டைக்கே போய்விட்டாள். மணி பத்து ஐம்பது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, அதன் தலையில் ஒன்று போட இடது கையை ஓங்கினாள். அடி விழுமுன்பே திரை விழித்துக்கொண்டது.

கணவன் அவளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். "கையை இறக்கு," என்றான். இருண்டது. "தூக்கு." எரிந்தது.

அவள் இடது மணிக்கட்டில் குண்டூசிகள் ஒட்டிக்கொள்ளும் காந்தப் பட்டை. குளிக்கும்போது தவிர அதைக் கழற்றாதவள் அவள். லிப்டுகளில் காந்தத்தைப் பார்த்து வேலை செய்யும் சுவிட்சுகளோடே காலம் தள்ளுகிறவனுக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"மூடியில ஒரு காந்தம் இருக்கும். அது கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு தூங்கிடும். உன் கையைத்தான் மூடின்னு நெனச்சிட்டிருக்கு."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம்பிக்கை வருவதற்காக ஒரு தடவையும், சும்மா ஒரு தடவையும் அணைத்து எழுப்பிப் பார்த்ததில் நான்கு நிமிடம் ஓடிப்போனது.

சரியாகப் பதினொன்றுக்குக் கம்பெனித் தலைவி திரையில் வந்தார். நரைத்த தலை, சிரிக்காத முகம். ஒரு அங்கிக்குக் கை வைத்துக் காட்டச் சொன்னார். தையல்காரி பழக்கதோஷத்தில் குண்டூசிக்கு மணிக்கட்டைத் துழாவினாள், வெறுங்கை. பட்டை இப்போது கணவன் கையில். மேஜைக்கு எட்டத்தில் தரையில் குந்தியிருந்தவன் கையை மட்டும் நீட்டினான். அவள் ஊசியை எடுப்பாள், குத்துவாள், மறுபடி எடுப்பாள்.

அந்தக் கை யாருடையது என்று தலைவி கேட்டார். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தையல்காரி நடந்ததையெல்லாம் கொட்டினாள். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, ஊசி பாட்டுக்கு ஊசி. கதை முடிவதற்குள் அங்கியின் கை ஒரு சுருக்கமில்லாமல் அதன் தோளில் உட்கார்ந்துவிட்டது. தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோளைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கைவேலையை ஒருவர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கே வர முடியுமா?"

"வருவா, வருவா," என்று தரையிலிருந்து கணவன் முந்திக்கொண்டான்.

"நீங்க சும்மா இருங்க, இதை நான்தான் சொல்லணும்," என்று அவன் கையைத் தள்ளிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சொன்னாள்: "வர்றேம்மா."