அருளம்பலம் தெரிவு செய்த பற்றரி

அருளம்பலத்துக்குப் பயம் தராத பொருள் உலகத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டால், அவருடைய ஊரான பாலையூற்றுச் சனம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோறு" என்று சொல்லும். வானம் இருட்டினால் பயம். பின்னால் லொறி வந்தால் பயம். கந்தளாய்க்குப் பஸ் ஏறினால் குளக்கட்டு உடைந்துவிடுமோ என்று பயம். பெண் பார்க்கப் போன அன்றும் தேத்தண்ணி நீட்டிய கமலாதேவியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே தொங்கிய விளக்கின் வயர் உரிந்திருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பிளை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "முதல்ல மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ" என்றாராம். அதற்குப் பிறகும் கலியாணம் நடந்தது என்றால் அது கமலாதேவியின் பெருந்தன்மை.

ஆனால் அது சும்மா வந்த பயம் அல்ல. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப்போன காலத்தில் அவர் இளந்தாரி, ஒரு கராஜில் பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவன் ஒரு பீடியைப் பற்றவைத்தான். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து கிளம்பிய வாயு பிடித்துக்கொண்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியவனின் அலறல் அருளம்பலத்தின் காதை விட்டு என்றைக்கும் போகவில்லை. பிறகு துறைமுகத்து லோஞ்சுப் படகுகளின் பற்றரி அறையில் வேலை கிடைத்தது. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவர் போல, ஒவ்வொரு பற்றரியையும் திரும்பத் திரும்பச் சோதித்துத்தான் வெளியே விடுவார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். கடலுக்குப் போன லோஞ்சுகள் எல்லாம் திரும்பி வந்தன.

அவருடைய உயிர்ச் சிநேகிதர் கிண்ணியா மஹ்ரூப். சைக்கிளும் றேடியோவும் திருத்தும் கடைக்காரர். பயம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளியில் விழுந்த மரங்களை அரிந்து களைத்த மெஷின் ஒன்று அவருடைய கடைக்கு வந்து சேர்ந்தது. வேறொருவராக இருந்தால் அதைத் திருத்தி விறகு அரிந்திருப்பார். மஹ்ரூப் அதன் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி, அதற்கு ஏற்ற ஒரு விமானத்தைக் கட்டத் தொடங்கினார். கப்பலில் வேலை செய்த தம்பி சிங்கப்பூரில் வாங்கி வந்த றேடியோப் பெட்டியால், ஆள் ஏறாமல், கரையில் நின்றபடியே அதை ஓட்டலாம். சிறகைப் பூட்டினால் கடைக்குள் ஆள் நிற்க இடம் இல்லை. வாடிக்கையாளர்கள் குனிந்து போய்க் குனிந்து வந்தார்கள்.

"அருள், இதுக்குப் பற்றரி நீதான் தெரிஞ்செடுத்துத் தரோணும்."

"எனக்கு ஏலாது மஹ்ரூப். வேற ஆளைப் பார்."

"வேற ஆளெண்டா பறக்குமோ எண்டு பாப்பான். நீ விழுமோ எண்டு பாப்பாய். எனக்கு அதுதான் வேணும்."

அருளம்பலம் மாட்டிக்கொண்டார். எஞ்சினுக்குப் பற்றரி தேவையில்லை, அது தன்பாட்டில் தீப்பொறி எடுத்துக்கொள்ளும். ஆனால் கரையிலிருந்து வரும் சொல்லைக் கேட்டு வாலையும் சிறகையும் திருப்புகிற குட்டி மோட்டார்களுக்குப் பற்றரிதான் உயிர். அந்தப் பற்றரி நடுவானில் செத்தால் எஞ்சின் நிற்காது. மூக்கணாங்கயிறு அறுந்த மாடு மாதிரி விமானம் ஓடிக்கொண்டே போய் எங்கேயாவது விழும். கனமான எஞ்சின், வயிற்றில் பெற்றோல், முன்னால் கத்தி போலச் சுழலும் காற்றாடி. அது எங்கே விழும், யார் தலையில் விழும் என்ற நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றுக்குக்கூடப் பயந்துவிட்டாரோ என்று கமலாதேவி கவலைப்பட்டாள்.

மோட்டார் சைக்கிள் பற்றரியைத் தூக்கிப் பார்த்தார். கனம் கூட, கவிழ்ந்தால் அசிற் ஊற்றும். றோச்லைற் பற்றரிகளைப் பெட்டியில் அடுக்கி, ஓடும் எஞ்சினோடு வைத்துப் பார்த்தார். அதிர்வில் ஸ்பிரிங் துள்ளித் துள்ளி வால் அடித்துக்கொண்டது. கடைசியில், கப்பல்காரத் தம்பி கொண்டுவந்த நிக்கல் பற்றரிகளை ஒன்றோடொன்று ஈயம் வைத்து ஒட்டி, சைக்கிள் டியூப்பால் சுற்றினார். அதிர்வுக்கு அசையவில்லை, மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக இழுத்தாலும் சோரவில்லை. ஆனால் அதிலும் ஒரு குணக்கேடு இருந்தது. றோச்லைற் பற்றரி சாகப்போனால் வெளிச்சம் மங்கிச் சொல்லிவிட்டுப் போகும். இது கடைசிவரை நன்றாக எரிந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாக விழுந்துவிடும்.

"அதால, நான் 'இறக்கு' எண்டா உடன இறக்கோணும். பாதிச் சார்ஜுக்கு மேல பறக்கக்கூடாது. விளங்குதே?"

"விளங்குது சேர்" என்று மஹ்ரூப் சல்யூட் அடித்தார்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் கிண்ணியாக் கடற்கரையில் பறக்கவிடுவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாளே அருளம்பலம் பற்றரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கமலாதேவியிடம் கொடுத்தார். பறக்கவிடும் அன்று காலையில் துறைமுகத்தில் அரைநாள் வேலை இருந்தது. மத்தியானம் வந்து, கமலாதேவி எடுத்து வைத்திருந்த பையைத் தூக்கியபோது பற்றரி இளஞ்சூடாக இருந்தது. கச்சான் காற்றுக் காலத்தில் எதுதான் சுடவில்லை என்று நினைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் பயந்த மனிதர் பயப்பட வேண்டிய ஒரேயொரு இடத்தில் பயப்படாமல் விட்டார். கடற்கரையில் பல்பு பூட்டிப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது.

பெருநாள் கூட்டம் அப்படியே கடற்கரைக்கு வந்திருந்தது. புதுச் சட்டைப் பிள்ளைகள், தென்னைகளுக்குக் கீழே பாய் விரித்த பெண்கள், ஒரு பக்கத்தில் கரைவலை இழுக்கும் ஆட்கள். மஹ்ரூப் எஞ்சினை முடுக்கினார். மரம் அரிந்த காலத்துச் சத்தம் அப்படியே இருந்தது. விமானம் ஈர மணலில் ஓடி, துள்ளி, எழும்பியது. "யா அல்லாஹ்!" என்று சனம் ஒரே குரலில் கத்தியது. அருளம்பலம் மட்டும் மேலே பார்க்கவில்லை. அதன் நிழல் யார் யார் மேல் போகிறது என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலாதேவி தேத்தண்ணிப் போத்தலோடு பக்கத்தில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன உசரம் போகுது பாத்தீங்களே! எல்லாம் என்ர கைவண்ணம்."

"என்ன கைவண்ணம்?"

"நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு அந்த றப்பரைக் கழட்டிப்போட்டுக் கிணத்தடித் தகரத்தில நல்லா வெயில் பிடிக்க வச்சனான். எங்கட றேடியோப் பற்றரி மாதிரி. கை வைக்க ஏலாத சூடு. பிறகு முந்தியிருந்த மாதிரியே சுத்தி வச்சிட்டன்."

அருளம்பலம் நிமிர்ந்து மேலே பார்த்தார். கிழமைக்குக் கிழமை வீட்டு றேடியோவின் பற்றரிகளை முற்றத்து வெயிலில் அடுக்குவது அவர்தான். சோர்ந்த பற்றரிக்கு வெயில் கொஞ்சம் உயிர் கொடுக்கும் என்று அவளுக்குக் காட்டியதும் அவர்தான். இந்தப் பற்றரியின் குணம் வேறு. ஏற்றிய சார்ஜில் அந்தத் தகரச் சூட்டில் எவ்வளவு வடிந்ததோ, உள்ளே என்ன அவிந்ததோ, ஒருவருக்கும் தெரியாது. பாதி என்று அவர் போட்ட கணக்கெல்லாம் மண். விமானம் அப்போது தென்னைகளுக்கு மேலே, பெண்கள் இருந்த பக்கம் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

ஓடினார். வாழ்நாளில் ஓடாதவர், கல்லுக்கும் முள்ளுக்கும் பயந்து நடப்பவர், வேட்டியை மடிக்கவும் மறந்து ஓடினார்.

"மஹ்ரூப்! இறக்கு! கடலுக்குத் திருப்பு! கடலுக்கு!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அருளம்பலத்தாருக்குத் தொடங்கிட்டுது" என்றார் ஒருவர். மஹ்ரூப் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடமும் தான் கேலி செய்த முகம்தான், ஆனால் இப்படியொரு பயத்தை அதில் அவர் கண்டதில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கடலுக்கு விட்டால் விமானம் திரும்பி வராது என்றும் அவருக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு விசையைத் திருப்பினார்.

விமானம் சோம்பலாகச் சாய்ந்தது. தென்னைகளை விட்டது, பிள்ளைகளை விட்டது. கரைவலைக்காரர்களின் தலைக்கு மேலே வந்தபோது மஹ்ரூப், "கேக்குதில்ல அருள், சொல்லுக் கேக்குதில்ல" என்றார். விரல் விசையை இழுத்து இழுத்துப் பார்த்தது. மேலே பற்றரி செத்திருந்தது, அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. வலைக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். அருளம்பலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு பெண் வீரிட்டது கேட்டது. பிறகு கடல் அறைந்த சத்தம். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது, வலையின் கடைசி மிதவைக்கு அந்தப்பக்கம் ஒரு சிறகு மட்டும் நிமிர்ந்து நின்றது. வலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். அவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள்.

மஹ்ரூப் றேடியோப் பெட்டியை மணலில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன நடந்தது அருள்?"

"நான் தெரிவு செய்தது பிழை" என்றார் அருளம்பலம். "பற்றரி பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

மஹ்ரூப் நம்பவில்லை. எதையோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கமலாதேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். போத்தலில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றி மஹ்ரூப்பிடம் நீட்டினாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"மஹ்ரூப் நானா, குறை நினைக்காதையுங்கோ. இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில வச்சிருக்கோணும் போல. நான்தான் அவசரப்பட்டு எடுத்திட்டன்."

மஹ்ரூப் மூடியை வாங்கினார். அவளைப் பார்த்தார். பிறகு அருளம்பலத்தைப் பார்த்தார். அருளம்பலம், துறைமுகத்தில் எந்தத் துரையிடமும் கெஞ்சாதவர், கண்ணால் கெஞ்சினார்.

தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டு மஹ்ரூப் மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இல்ல தங்கச்சி, வெயில் காணும், அவ்வளவும் போதும்" என்றார். "நான்தான் கடலுக்குக் கிட்டக் கொண்டு போயிட்டன்."

அப்போதுதான் அருளம்பலம் மணலில் உட்கார்ந்தார்.