மாமன் மடிக்குக் காத்திருந்த முடி

ஏழு வயது வரை எனக்குப் பெண்பிள்ளையைப் போல நீளமான பின்னல் இருந்தது. பழனியில் முடி இறக்குவதாக நான் பிறக்கும் முன்பே அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுப்பார்கள். அந்தத் தாய்மாமனுக்கும் என் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்காரச் சொன்னார்கள் என்பதில் வந்த வருத்தம். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அதனால் என் முடி வளர்ந்துகொண்டே போனது. சாமிக்கு நேர்ந்த முடியில் வீட்டில் கத்தரி படக் கூடாது என்று, அம்மா தினமும் எண்ணெய் தேய்த்து ரிப்பன் வைத்துப் பின்னிவிடுவார்.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். அப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் கிடையாது. கூரைக்கு அடியில் நீளமான இரும்பு ஷாஃப்ட் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் கீழே இறங்கி மெஷின்களை ஓட்டும். பெல்ட்டுக்கு மறைப்போ கம்பி வலையோ ஒன்றும் இல்லை. ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு அவற்றுக்கு நடுவே நடந்து பழகியிருந்தார்கள்.

மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அம்மா வீரபாண்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருப்பார். மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நேராக உள்ளே போய், மெஷினிலிருந்து துணி இறங்குவதை வேடிக்கை பார்ப்பார்கள். என்னை மட்டும் அப்பா வாசல்படி தாண்ட விட்டதில்லை. தூரத்திலிருந்தே கையைக் காட்டி, அங்கேயே நிற்கச் சொல்லுவார். வந்து போசியை வாங்கிக்கொண்டு உடனே அனுப்பிவிடுவார்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் பின்னலைப் பார்த்தால் கம்பெனியில் கேலி செய்வார்கள். "ஏனுங்க, உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சுங்களா?" என்று ஒருவர் கேட்பார். சீர் என்ன செய்வீர்கள் என்று இன்னொருவர் கேட்பார். அப்பா சிரிக்க மாட்டார். அவருக்கு என்னால் வெட்கம், அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கேலி செய்யாத ஒருவர், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு நறுக்கும் அக்கா. எந்நேரமும் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருப்பார். தீராத தலைவலி போல என்று நினைத்துக்கொள்வேன். என்னைக் கண்டால் ஒரே கேள்விதான். "மாமன் வந்தாச்சா கண்ணு?" இல்லை என்று தலையாட்டுவேன். அவர் முகம் வாடும். என் பின்னலை எடுத்துச் சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானையும் போட்டு அனுப்புவார். இவருக்கும் கூட அதைப் பார்க்கப் பிடிக்கவில்லையே என்றிருக்கும்.

ஒரு நாள் அப்பா வாசலைக் கவனிக்கவில்லை. நூல் அறுந்து, மெஷின் மேல் குனிந்திருந்தார். அக்காவும் இடத்தில் இல்லை. நான் கூப்பிட்டது சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உள்ளே நடந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் போசியின் மூடி கழன்று விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தேன். பின்னல் தோளைத் தாண்டி முன்னால் விழுந்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது வலிதான். அப்பா என் பின்னலை உச்சியோடு சேர்த்துக் கைக்குள் இறுக்கி, என்னை வாசல்வரை இழுத்து வந்தார். சோறெல்லாம் சிந்திவிட்டது. வெளியே வந்ததும் கன்னத்தில் ஓர் அறை. ஆளில்லாமல் ஓடிய மெஷினில் துணி முழுக்க ஓட்டை விழுந்தது என்று முதலாளி வந்து சத்தம் போட்டார். அப்பா அப்போதும் பிடித்த பின்னலை விடவில்லை. நான் குனிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழம்கூட இருந்திருக்காது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் நினைத்தது, இத்தனை பேர் பார்க்க அறைந்துவிட்டாரே என்று மட்டும்தான்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு என்னைப் பஸ்ஸில் மாமன் ஊரான கொமரலிங்கத்துக்குக் கூட்டிப்போனார். மாமன் வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த பிறகும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றார். அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"தப்பு என்னுதாவே இருக்கட்டுங்க மச்சான். பையனுக்கு முடி எறக்கிப்புடலாம். நீங்க வரோணும்."

"இத்தன வருசம் இல்லாத அவசரம் இப்ப என்னங்க?" என்றார் மாமன்.

"நேத்து கம்பெனிக்குள்ள வந்துட்டானுங்க." அப்பா என் பின்னலை மறுபடியும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாமன் என் பின்னலைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். நான் நாலு பேர் கண்ணில் பட்டதற்கா அப்பா இப்படிக் கலங்குகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரமே பழனியில் மாமன் மடியில் உட்கார்ந்து முடி இறக்கிக்கொண்டேன். திரும்பி வந்து, மொட்டைத் தலையோடு முதல் முறை சாப்பாடு கொண்டுபோனபோது, அப்பா உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். ஆனால் அதற்குள் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். தலை முழுக்கத் தடவிப் பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப நீயும் நானும் ஒண்ணு கண்ணு" என்றார்.

அந்த அக்கா முன்பு உள்ளே நூல் சுற்றும் மெஷினில் வேலை பார்த்தவர். கீழே விழுந்த நூல் கோனை எடுக்கக் குனிந்தபோது பெல்ட் அவருடைய பின்னலைத் தலைத்தோலோடு இழுத்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டு நிறுத்தியவர் என் அப்பா. இதெல்லாம் நானும் அதே ஷாஃப்ட்டுக்கு அடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்கு என் மொட்டைதான் பெரிது. இவரும் கேலி பேச ஆரம்பித்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, எனக்கு வழக்கமில்லாத வீம்போடு வாயைத் திறந்தேன்.

"எனக்கு மறுபடியும் மொளச்சிருமுங்க."

அவர் என் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆமாங்கண்ணு" என்றார். "உனக்கு மொளச்சிரும்."