இரண்டாவது கொளுக்கி

எரிகிற ஊதுபத்தியை வான் வண்டியின் பக்கக் கதவு விளிம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துகிறார் கமலாம்பிகை அன்ரி. புகை நேரே எழும்பும்வரை கையும் எழும்புகிறது. ஓரிடத்தில் புகை சட்டென்று உள்பக்கம் வளைந்தால் கை நின்றுவிடும். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளடி போடுவார். பிறகு மறுபடியும் ஊதுபத்தி.

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்த வாசல்கள். ஒக்ரோபர் பிறந்ததும் இந்தக் காட்சி தொடங்கிவிடும். முதல் தடவை பார்த்தபோது வானுக்குப் பூசை நடக்கிறது என்று நினைத்து, தேங்காய் உடைத்தால் ஒரு பாதி நமக்கும் வரும் என்ற ஆசையில் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன்.

"பூசையும் இல்லை ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஓட்டை பாக்கிறன். காத்து எங்காலை வருதெண்டு எங்கடை கண்ணுக்குத் தெரியாது, புகைக்குத் தெரியும்."

இந்த வேலைக்கு மலிவான ஊதுபத்திதான் வேண்டுமாம். விலை கூடியதில் வாசம் இருக்கும், புகை காணாதாம். சாமிப்படத்துக்கு ஒரு பெட்டி, வானுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வாங்கி வைத்திருக்கிறார்.

வயது அறுபத்து நான்கு. அதில் இருபத்து மூன்று வருடங்களை ஸ்காபரோவில் ஒரு உறைந்த உணவுக் கிடங்கின் ஃபிறீசர் அறைக்குள் கழித்தவர். உள்ளே எப்போதும் மைனஸ் இருபத்தைந்து. மீன் பெட்டியும் பட்டாணிப் பெட்டியும் அடுக்கி அடுக்கிக் குளிரின் குணம் முழுவதையும் படித்துவிட்டார். நம்மைப்போல 'என்ன குளிரப்பா' என்று அவர் அலுத்துக்கொண்டதை நான் கேட்டதே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர், கேக் வெட்டுவதற்கு முன்பே எங்கள் யன்னலடியில் நின்று, "உங்கடை இந்த மூலை சரியில்லை" என்றார். வந்திருந்த இருபது பேரும் கேக்கை விட்டுவிட்டு மூலையைப் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற கையோடு வாங்கியதுதான் இந்த வான். முன்பு பாண் கொண்டு திரிந்தது. வெள்ளைப் பெயின்ருக்கு அடியில் பேக்கரியின் பெயர் இன்னமும் மங்கலாகத் தெரியும். அதற்குள் கட்டில், ஒரு அலுமாரி, டீசலில் ஓடி புகையை வெளியே தள்ளுகிற சின்ன ஹீற்றர், தலைமாட்டில் நச்சுவாயு வந்தால் கத்துகிற கருவி, யன்னல்களுக்கு அளவாக வெட்டிய தடித்த நுரைப்பலகைகள். முக்கால்வாசி அவர் கையாலேயே பொருத்தியது. கதவுக்குப் பக்கத்தில் சட்டை தொப்பி மாட்ட இரண்டு கொளுக்கிகள். ஒன்றில் ஃபிறீசரில் போட்ட அதே நீலக் குளிர்ச்சட்டை தொங்கும். மற்றது இரண்டு வருடமாக வெறுங்கொளுக்கி.

எதற்கு இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குச் சுப்பீரியர் ஏரி உறைந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமாம். அதுவும் ஓடிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு ஓடிவருவது இல்லை, கரையில் மூன்று நாள் தங்கி.

"எனக்கு ஒரு குளிர்தான் பிள்ளை தெரியும். லைற் போட்ட குளிர். இருட்டோடை வேலைக்குப் போய் இருட்டோடை வந்தனான். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்து மூண்டு வருசம், வெயில் எறிக்கிற குளிரை ஒரு நாள் ஆறுதலா நிண்டு பாக்கேல்லை."

"அப்ப போட்டு வாங்கோவன் அன்ரி."

"தனியப் போய், ஆரிட்டை 'இஞ்சை பாருங்கோ' எண்டு காட்டுறது?"

அந்த 'ஆர்' யார் என்பதில்தான் சிக்கல். அவருடைய கணவர் இரத்தினவேல் அங்கிள் ஒக்ரோபரில் தலையில் போடும் பழுப்புக் கம்பளித் தொப்பியை மே மாதம்தான் கழற்றுவார். வீட்டுக்குள்ளும் அதுதான், சாப்பாட்டு மேசையிலும் அதுதான். மகள் நிலாணியின் கல்யாணப் படங்களை உற்றுப் பார்த்தால் அங்கிளின் பட்டுத் தலைப்பாகைக்குக் கீழே பழுப்பாக ஒரு ஓரம் தெரியும். சனி ஞாயிறுகளில் நம் ஆட்களின் கிரிக்கெட் போட்டிகளுக்கு நடுவராக நின்றவர். செப்ரெம்பரோடு அந்தப் பக்கமே போகமாட்டார்.

அவரைச் சம்மதிக்க வைக்க அன்ரி ஒரு வருடம் மன்றாடியிருக்கிறார். கடைசியில் இந்த மார்கழியில் அங்கிள் ஒரு நிபந்தனை போட்டார். வான் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டும், இருவரும் அதற்குள் ஓர் இரவு படுக்க வேண்டும். விடியும்வரை தாக்குப் பிடித்தால் ஏரிக்கு வருவார். இடையில் குளிர் தாங்காமல் அவர் எழும்பி வீட்டுக்குள் போய்விட்டால் வானை விற்றுவிட வேண்டும். நான் சாட்சி.

படுக்கப் போகிற அன்று அங்கிள் இரண்டு கட்டளைகளும் சேர்த்துப் போட்டார். கூரையில் இருக்கும் காற்றுத் துவாரத்தை இறுக மூட வேண்டும். புட்டை வானுக்குள்ளேயே அவிக்க வேண்டும், ஆவியில் உள்ளே சூடாகுமாம். அன்ரி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். "உமக்கு விசர்" என்றார் அங்கிள். "ஊதுபத்தி கொளுத்தி ஊசி ஓட்டையெல்லாம் அடைச்ச ஆள், கூரையிலை ஓட்டையைத் திறந்து வைக்கிறீர்!" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் அங்கிள் பக்கம் தலையாட்டி, சுடச்சுடப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்தால், அங்கிள் போர்வையைப் போர்த்தபடி வீட்டுப் படியில் நிற்கிறார். தொப்பி நனைந்திருந்தது. வானுக்குள் எட்டிப் பார்த்தேன். புட்டின் ஆவியும் இரண்டு பேருடைய மூச்சும் போக வழியில்லாமல் சுவரில் படிந்து, ஆணித் தலைகளில் பனிக்கட்டியாகி, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தன. மெத்தை ஈரம். அன்ரி ஒரு துணியை வைத்துக்கொண்டு சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் வானின் முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை ஏறிவிட்டது. பின்னேரம் அன்ரி என்னையும் கூட்டிக்கொண்டு போய் அங்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஃபிறீசருக்குள்ளை குளிராலை விழுந்த ஆளை நான் காணேல்லை. வேர்த்து, அந்த ஈரத்தோடை நிண்டவைதான் விழுந்தவை. ரெண்டு பேர் விடியுமட்டும் விடுற மூச்சிலை ஒரு போத்தல் தண்ணி இருக்கு. அதுக்கு வெளியாலை போக ஒரு வழி வேணும். நேற்று உங்கடை சொல்லுக்குப் படுத்தனான். என்ரை சொல்லுக்கு ஒருநாள் நீங்கள் படுங்கோ."

அங்கிள் தொப்பிக்கு மேலால் தலையைச் சொறிந்தார். எவ்வளவு குளிருக்குப் பயந்தாலும் மனிதர் நடுவர். பிறகு வலது கையைத் தோளுக்கு நேரே பக்கவாட்டில் நீட்டினார். "நோ போல்" என்றார். "இன்னொரு பந்து போடும்."

இரண்டாவது பந்துக்கு அன்ரி தைமாதத்தின் மிக மோசமான நாளைத் தேர்ந்தெடுத்தார். பகல் முழுதும் பனி கொட்டி, மாலையில் வானம் வெளித்து, மைனஸ் இருபத்து மூன்றுக்கு இறங்கப்போகிறது என்று எச்சரிக்கை வந்திருந்தது. மார்க்கம் நகரிலிருந்து நிலாணி போனில் கத்தினாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பாக்கு ஏதும் நடந்தா?"

"வீட்டுக்கதவு பதினைஞ்சு அடி பிள்ளை. நடக்கிறதெண்டா அப்பா நடந்து போவார்."

சாப்பாடு வீட்டிலேயே முடிந்தது. தேத்தண்ணி ஃபிளாஸ்க்கில் ஏறியது. பனி ஒட்டிய சப்பாத்துகள் மூடியுள்ள வாளிக்குள் போயின. கடைசியாக ஒரு ஊதுபத்தி கதவு விளிம்பு முழுவதும் ஊர்ந்து வந்தது, புகை எங்கேயும் வளையவில்லை. பிறகு கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டார். அங்கிள் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த இரண்டு சுவெற்றரையும் மூன்று சோடி சொக்ஸையும் அன்ரி ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்து, காய்ந்த உடுப்பு ஒன்று கொடுத்தார். தலைக்குக் கை போனபோது அங்கிள் தடுத்தார்.

"தொப்பியிலை மட்டும் கை வையாதையும்."

நான் வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் சரியாக வரவில்லை. பதினைந்து அடி என்பது எவ்வளவு கிட்ட என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அங்கிள் எழும்பி நாலு எட்டு வைத்தால் போதும், அன்ரியின் ஏரி போய்விடும்.

காலை ஏழரைக்கு வெளியே வந்தேன். மூக்குக்குள் ரோமம் விறைக்கிற குளிர். முதலில் தரையைத்தான் பார்த்தேன். முந்தைய நாள் பனியில் இரவு வானுக்குப் போன தடங்கள்தான் கிடந்தன, வீட்டுப் படிப்பக்கம் திரும்பிய கால் தடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையுறையோடு தட்டியும்விட்டேன்.

சத்தம் கேட்டு அன்ரி கதவைத் திறந்தார். வெதுவெதுப்பு முகத்தில் வந்து மோதியது. சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், அன்ரியைப்போலவே. பொட்டு ஈரம் இல்லை. உள்ளே வெப்பமானி பதினெட்டு காட்டியது. யன்னல் பலகை ஒன்றை எடுத்திருந்தார்கள். எதிர்க் கூரைகளின் பனியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கிள் கட்டில் விளிம்பில் ஒற்றைச் சட்டையோடு, தொப்பியோடு, தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி அங்கிள்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இஞ்சேரும்," என்றார் அன்ரியிடம். "உந்த ஏரிக்கு எத்தினை மணித்தியாலம் ஓடவேணும்?"

"பத்து."

"பத்தோ? விடியவே வெளிக்கிட வேணும்." ஒரு மிடறு குடித்தார். "மேலை உந்த ஓட்டையை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். வேர்க்குது."

சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலைமுடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. அன்ரி முதலில் கூரைத் துவாரத்தை இன்னொரு விரல் அளவு திறந்தார். பிறகு அங்கிளின் மடியிலிருந்த தொப்பியை எடுத்து, இரண்டு தரம் உதறி, கதவடிக்குப் போய் இரண்டாவது கொளுக்கியில் மாட்டினார்.