ஆயிரம் மொட்டைத் தலைகளுக்கு நடுவே: என் திண்டிவனம் இன்டர்ன்ஷிப்

போன மே மாதம் நான்கு வாரம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. குற்றவியல் முதுகலை படிக்கிறவர்கள் இரண்டாம் ஆண்டுக்குள் காவல்துறை, தீயணைப்பு என்று ஏதாவது ஓரிடத்தில் இன்டர்ன்ஷிப் முடித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. வகுப்பில் பாதிப் பேர் சென்னையிலேயே சைபர் பிரிவு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஏசி அறை, காபி மெஷின். எனக்கு விழுப்புரம் விழுந்தது. தாம்பரம் தாண்டினால் எனக்கு எல்லாமே வெளியூர்தான். அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் இதே பக்கம் போகப்போகிற இரண்டு மூன்று பேர் "அங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் காலை ரயில் பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் விழுப்புரம். முன்பதிவில்லாப் பெட்டியில் நான் கொடுத்தது அறுபது ரூபாய். உட்கார இடம் கிடைப்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. முதல் வாரம் விழுப்புரத்தில், அவசர அழைப்புகள் வந்து விழும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். நான் கொலை, கொள்ளை என்று எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் அழைப்பில் ஒருவர், பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று மணிக்கே கூவுகிறது, நடவடிக்கை எடுங்கள் என்றார். இரண்டாவதாக ஒரு பெரியவர் திருவண்ணாமலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். போனை எடுத்த பெண் காவலர் கோபமே படாமல் பஸ் நேரத்தைச் சொல்லி, "பாத்துப் போங்கய்யா" என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துவிட்டது.

அடுத்த மூன்று வாரம் திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே தீயணைப்பு நிலையத்தில் சில நாள், நெடுஞ்சாலை ரோந்து வண்டியில் சில நாள், மீதி நாட்கள் மகளிர் காவலர்களோடு. தீயணைப்பு நிலையத்தில் நான் தீயைப் பார்க்கவே இல்லை. பாம்புதான் பார்த்தேன். வெயில் ஏற ஏற, குளியலறையில் பாம்பு, ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் பாம்பு, ஒரு வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் பாம்பு. வண்டி ஏறி நானும் போவேன், தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வேன்.

மகளிர் காவலர்களோடு இருந்த நாட்களில்தான் செல்வி அக்கா அறிமுகமானார். தலைமைக் காவலர், நாற்பது வயதிருக்கும், குரல் மட்டும் நான்கு பேருடையது. முதல் நாளே, "இன்னா படிப்பும்மா இது? திருடனப் பத்தியே ரெண்டு வருசம் படிச்சிக்கினு இருப்பீங்களா?" என்று கேட்டார். நான் குற்றத்துக்கான சமூகக் காரணங்கள் என்று ஆரம்பித்தேன். "செரி செரி, சாப்ட்டியா?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. கூப்பிடுவதெல்லாம் "காலேஜு"தான்.

மூன்றாவது வாரம் அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும், அந்தக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போகிறவர்களில் செல்வி அக்காவும் ஒருவர். "வர்றியா காலேஜு? புத்தகத்துல இல்லாததெல்லாம் பாக்கலாம்" என்றார். அவர்கள் வேன் விடியும் முன்பே போய்விட்டது. நான் ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினேன். வல்லம் வழியாக முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகள், அதாவது வேர்க்கடலை வயல்கள்; சில இடங்களில் செடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். செஞ்சியில் மாறி, சிறப்புப் பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரம். சாதாரண நாளில் பாதி நேரத்தில் போய்விடலாமாம். கண்டக்டரிடம் எங்கே இறங்குவது என்று கேட்டேன். "நீ எறங்க வேணாம்மா, கூட்டமே எறக்கி உட்டுடும்" என்றார். அப்படியேதான் நடந்தது.

பஸ்கள் நிற்கும் திடலிலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எலுமிச்சை மாலை, குங்குமம், வளையல், பலூன், கூழ் ஊற்றுகிற இடம். கோயிலுக்குப் பக்கத்தில் முடி காணிக்கைக் கொட்டகை. அங்கே இருந்து வெளியே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வருவார்கள்: மழித்த தலை, மழித்த முகம், மேலே அப்பிய சந்தனம். ஆயிரம் பேர் அப்படி நடமாடினால் ஊரே மஞ்சள் தெளித்த மாதிரி இருக்கும். காவல் உதவி மையம் என்பது ஒரு ஷாமியானா, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றிக் கயிறு, ஒரு மைக். காணாமல் போன செருப்பிலிருந்து காணாமல் போன மாமியார் வரை அங்கேதான் கொண்டு வருவார்கள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு வளையல் கடைக்காரர் நான்கு வயதுப் பெண் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். பச்சைப் பாவாடை, மொட்டை, காதுவரை வழிந்த சந்தனம். தேம்பித் தேம்பி அழுதது. நான் மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். பெயர் கேட்டால் "பாப்பா". ஊர் கேட்டால் "எங்க ஊரு". அப்பா பெயர் கேட்டால் "அப்பா". செல்வி அக்கா சிரித்துக்கொண்டே மைக்கைக் கையில் எடுத்தார். அப்போதுதான் குழந்தை அதைச் சொன்னது.

"ஒரு மொட்ட ஆளு என்னத் தூக்கிக்கினு போவ வந்தான். நான் கடிச்சிட்டு ஓடியாந்துட்டேன்."

குழந்தைக் கடத்தலுக்குத் தனிப் பாடமே போன செமஸ்டரில் படித்திருந்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். செல்வி அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். "மொட்ட ஆளா? இங்க எந்த மொட்டையன்னு தேடறது, பேஜாரா பூட்ச்சே" என்று முணுமுணுத்தார். மைக்கில் பச்சைப் பாவாடை, நான்கு வயது என்று மட்டும் சொல்லி அறிவித்தார்.

ஐந்து நிமிடத்தில் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். வெற்றுடம்பு, நனைந்த வேட்டி, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, தலை முழுக்கச் சந்தனம். "பாப்பா!" என்று கையை நீட்டினார். குழந்தை வீலென்று கத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"இவந்தான்! இவந்தான் அந்த மொட்ட ஆளு!"

அவர் மணிக்கட்டில் சின்னப் பல் தடம் சிவந்து கிடந்தது. கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். "புள்ள புடிக்கிறவன்டா!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். ஒருவன் பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்தான், இன்னொருவன் கையை ஓங்கினான். ஆட்கள் ஓடி வர ஆரம்பித்தார்கள். இப்படி ஆரம்பிக்கிற கூட்டம் எங்கே போய் முடியும் என்பதையும் நான் படித்திருக்கிறேன். படிக்கும்போது எனக்குச் சத்தம் கேட்டதில்லை.

செல்வி அக்கா அவரைக் கயிற்றுக்கு உள்ளே இழுத்து, தன் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் தள்ளி உட்கார வைத்தார். பிறகு லத்தியைக் கூட எடுக்காமல் மைக்கை வாயருகே வைத்து, "எவனாவது கைய வச்சீங்க, மொதல்ல அவனத்தான் வண்டியில ஏத்துவேன். இவரு என் பொறுப்பு. எல்லாம் பின்னால போங்க, ஜல்தி!" என்றார். கோயில் மதில்வரை கேட்டது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியதே தவிரக் கலையவில்லை.

"நாந்தாங்க அப்பன், சத்தியமா" என்று அவர் போனை நீட்டினார். அதில் ஒரு படம். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, பக்கத்தில் கற்றை மீசையும் சுருட்டை முடியுமாக ஒருவர். என் மடியில் இருக்கும் மொட்டைக்கும் அந்தச் சடைக்கும் சம்பந்தமே இல்லை. நாற்காலியில் இருப்பவருக்கும் அந்த மீசைக்கும் அதைவிட இல்லை. "போனும் திருட்டுப் போனா இருக்கும்" என்றான் வெளியே ஒருவன். மனைவி கைக்குழந்தையோடு பஸ் திடலில் இருக்கிறாராம். கூப்பிட்டால் லைன் போகவில்லை, அத்தனை கூட்டத்தில் யாருக்குமே போகவில்லை. அக்கா வயர்லெஸ்ஸில் திடலுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா கூட்டத்தில் நீந்தி வர அரை மணியாவது ஆகும். அதுவரை அந்தக் கயிறு தாங்குமா என்பதுதான் எனக்கு பயம்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அவரைக் கடத்தல்காரர் என்றுதான் நினைத்தேன். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டே நிமிர்ந்து, "எம்மா, அதுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. மொட்ட அடிக்கச் சொல்ல அழுதது. காலையிலேர்ந்து கேப்பக் கூழு கூடக் குடிக்கல" என்றார். கழுத்தில் விரல் தடம் பதிந்திருக்கிற ஒரு மனிதர் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் மனசு அங்கேதான் தடுமாறியது.

தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "பாப்பா, உங்கப்பா எப்படி இருப்பாரு?"

"மீச இருக்கும்."

"அப்புறம்?"

"துண்டு கட்டிக்கினு இருப்பாரு. மல்லாட்ட புடுங்கச் சொல்ல." பிடுங்கும்போது என்பதை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"எப்படிக் கட்டியிருப்பாரு?"

குழந்தை தன் இரண்டு கையாலும் தலையை மூடிக் காட்டியது. பிறகு ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்திக் காட்டியது. செல்வி அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்தோம். "யோவ், கட்டுய்யா. கொல்லையில கட்டற மாதிரியே கட்டு" என்றார் அக்கா.

அவர் சந்தனத்தைக்கூடத் துடைக்காமல் துண்டைத் தலையில் சுற்றினார். நுனியை முன்பக்கம் கொண்டுவந்து, செடியை உதறும்போது மண் ஏறாமல் இருக்கக் கட்டுவது போல மூக்கையும் வாயையும் மூடிச் செருகினார். கண் மட்டும்தான் தெரிந்தது. எனக்கென்னவோ இப்போதுதான் அவர் அசல் திருடன் மாதிரி இருந்தார். குழந்தை அவரையே பார்த்தது. என் கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது. மடியிலிருந்து இறங்கிப் போய் அவர் முட்டியில் ஓர் அடி வைத்தது.

"எங்கப்பா போன நீ? ஒரு மொட்ட ஆளு என்னத் தூக்க வந்தாம்பா."

அவர் துண்டுக்குப் பின்னாலிருந்து, "எங்க அவன்? வரட்டும், அப்பா பாத்துக்கறேன்" என்றார். கயிற்றுக்கு வெளியே முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள், பிறகு எல்லோரும். கழுத்தைப் பிடித்தவன் மட்டும் சத்தமில்லாமல் நழுவிவிட்டான்.

நடந்தது இதுதான். வல்லம் பக்கத்துக் குடும்பம். முதலில் குழந்தைக்கு மொட்டை. அழுகையை நிறுத்த ஒரு பன்னைக் கையில் கொடுத்து, வளையல் கடையைப் பார்க்கிற மாதிரி திருப்பி உட்கார வைத்துவிட்டு அவர் தன் தலையையும் மீசையையும் மழிக்கக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடம் கழித்து, பிறந்ததிலிருந்து குழந்தை பார்த்திராத ஒரு முகம் வந்து தூக்கியிருக்கிறது. அது பாவம், அப்பாவைத் தேடித்தான் அப்பாவிடமிருந்து ஓடியிருக்கிறது.

அதற்குப் பிறகும் செல்வி அக்கா குழந்தையை ஒப்படைக்கவில்லை, அம்மா வரட்டும் என்றுவிட்டார். அந்த அம்மா மூச்சு வாங்க வந்து, பதற்றத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் கணவரைத் தாண்டிப்போய், "எங்கங்க எம் பொண்ணு? எங்க அவரு?" என்று அக்காவிடம் கேட்டார். அவர் துண்டை அவிழ்த்தார். குழந்தை மறுபடி வீலென்றது. அவசரமாகக் கட்டிக்கொண்டார். அந்த மே மாத வெயிலில், முகத்தை மூடிய துண்டோடு, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பஸ் திடலுக்கு நடந்து போனதைப் பார்த்து நானும் செல்வி அக்காவும் சிரித்தோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சந்தனத் தூசி என்றார்.

கல்லூரியில் அறிக்கை கொடுத்தபோது ஆசிரியர், இந்த வழக்கில் கற்றது என்ன என்று கேட்டார். சாட்சி பொய் சொல்லவில்லை, அடையாளம் காட்டியதும் சரியான ஆளைத்தான், குற்றம்தான் நடக்கவே இல்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திண்டிவனத்திலேயே தங்குங்கள், செஞ்சிப் பக்கமும் விழுப்புரம் பக்கமும் போய்வர வசதி. பெண்கள் விடுதியில் சாப்பாட்டோடு மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஷூ வேண்டும், குடை வேண்டும், பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், அதிகமாக. அமாவாசைக்கு மேல்மலையனூர் போவதென்றால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள், போனை நம்பாமல் சந்திக்கும் இடத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நான் சொல்வதைவிட செல்வி அக்காவே சொல்லட்டும். அடுத்த அமாவாசை அன்று அவரிடமிருந்து ஓர் ஆடியோ வந்தது. பின்னால் உடுக்கைச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேலே மைக்கில் அவர் குரல்: "கொழந்தைங்கள இட்டுக்கினு வந்திருக்கறவங்க கவனிங்க. அப்பாமாருங்க மொட்ட அடிக்கச் சொல்ல புள்ளைங்கள அந்தாண்ட திருப்பி உக்கார வைக்காதீங்க. எதிர்லயே உக்கார வைங்க. மொதல் முடியிலேர்ந்து கடசி முடி வரைக்கும் அது பாக்கட்டும்."