வருமானச் சான்றிதழும் நான்கு இரவல் சேர்களும்

என் அம்மாவின் வாயில் 'இல்லை' என்ற வார்த்தை மட்டும் வராது. யாராவது சர்க்கரை கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டில் சர்க்கரை இருக்காது. "இருக்குதுங்க, ஒரு நிமிசம்" என்று அவர்களை நிறுத்திவைத்துவிட்டு, பின்வாசல் வழியாக என்னைக் கடைக்கு விரட்டுவாள். நான் மூச்சிரைக்க ஓடிப்போய் வாங்கிவந்து கொடுப்பேன். எனக்கு வருகிற ஆத்திரத்தில் அந்தச் சர்க்கரையை அங்கேயே கொட்டிவிடலாம் போலிருக்கும்.

அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலேயே ஒரு தென்னந்தோப்பில் கூலிவேலை பார்த்தவர்கள். "அரிசி இல்லீங்க", "துணி இல்லீங்க" என்று தோட்டத்துக்காரர் வாசலில் அவர்கள் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்தப் பேச்சைத் தன் வாயால் எவரிடமும் பேசுவதில்லை என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டாளாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா தேங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறார், அம்மா கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயவைக்கிறாள். வருமானம் எப்படியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த வார்த்தை மட்டும் வரவே வராது.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் அரசாங்கம் வந்து, உன் வருமானம் எவ்வளவு என்று கேட்டது.

பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில், எனக்கு நர்சிங் சீட் கிடைத்தது. படிப்புக் கட்டணத்துக்கு அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பேங்கில் கல்விக் கடன் வாங்கலாம், ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் படிக்கிற காலத்து வட்டியை அரசே கட்டிவிடும். இரண்டுக்கும் ஒரே காகிதம்தான் வேண்டும்: வருமானச் சான்றிதழ். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கொண்டுவராவிட்டால் முழுக் கட்டணத்தையும் நாங்களே கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்த அன்று, நான் டி.சி. வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

திரும்பி வந்தால் வீடு அடையாளமே தெரியவில்லை. நடுக்கூடத்தில் நான்கு சிவப்பு பிளாஸ்டிக் சேர்கள். வாசலில் பளபளவென்று ஒரு பைக். அம்மா பட்டுச்சேலையில் நிற்கிறாள், அவளுடைய ஒரே பட்டுச்சேலை.

"யாரு சேரும்மா இது?"

"பக்கத்து ஊட்டுல வாங்கியாந்தேன். கவருமெண்டு ஆபீசரைத் தரையிலயா உக்காரவெக்கறது?"

"பைக்கு?"

"அதும் அவங்குளுதுதான். நம்முளுதான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"வருமானம் கேட்டிருப்பாரே, என்ன சொன்னே?"

"எல்லாம் நெறைவா இருக்குதுங்க சார், ரெண்டு பேரும் நல்லாச் சம்பாரிக்கறமுங்கன்னேன்." சீசனில் ஒரே ஒரு வாரம் இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைத்த உச்சக் கூலியைச் சொல்லி, வாரா வாரம் அதுதான் வருகிறது என்றிருக்கிறாள். சந்தில் மேய்ந்துகொண்டிருந்த ஊரார் ஆடுகளைக்கூட அவர் எங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார், இவள் மறுக்கவில்லை. "சந்தோசமாக் காப்பி குடிச்சுட்டுப் போனாரு கண்ணு. நல்லபடியாப் பேசிப்போட்டேன்" என்று முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னாள். அடக் கடவுளே!

புதன்கிழமை சான்றிதழ் போனுக்கு வந்தது. உதவித்தொகைக்கான வரம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது எங்கள் வருமானம். பேங்க் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுக் கடன் வேணா தரலாம்மா, வட்டிச் சலுகை கெடைக்காது. காலேஜ் ஃபீசுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "உன்ற கவுரவத்தைக் கொண்டுபோய் ஃபீசாக் கட்டட்டுமா? வாங்கிக்குவாங்களா?" என்று கத்தினேன். அப்பா முதுகில் தைலம் தேய்த்தபடி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை அம்மா களத்துக்குப் போகிற உடுப்போடு வந்து நின்றாள். நைந்த சேலை, மேலே அப்பாவின் பழைய சட்டை, அதில் முழுக்கத் தேங்காயெண்ணெய்க் கறை. ரேஷன் கடைக்குக்கூட நல்ல சேலையில் போகிறவள்.

"வேற சேலை கட்டிட்டு வாம்மா, ஆபீசுக்குப் போறோம்."

"இதுதான் கண்ணு என்ற வருமானம். பாத்துக்கட்டும்" என்றாள்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், அம்மாவைப் பெற்றவர்கள் கூலிவேலை பார்த்த தோட்டத்துக்காரரின் மகன். தன் நிலத்துக்குச் சிட்டா வாங்க வந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஊரில் எந்த ஒரு குடும்பத்தின் காதில் அந்த வார்த்தை மறுபடி விழக்கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தாளோ, அந்தக் குடும்பம் சேர் போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. "போயிட்டு அப்பறம் வரலாம்மா" என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"ஏனுங்க சார்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்னைக்கு நீங்க எங்க ஊட்டுக்கு வந்தப்ப நாஞ் சொன்னது பொய்ங்க. அந்தச் சேரு எங்குளுது இல்லீங்க. பைக்கு இல்லீங்க. ஆடு ஒண்ணுகூட இல்லீங்க. அது சீசன் கூலிங்க, மழைக்காலத்துல அதும் இல்லீங்க. எங்ககிட்ட ஒண்ணுமே இல்லீங்க சார். இந்தப் புள்ளை மட்டுந்தான் இருக்குது, அது படிக்கோணும்."

தோட்டத்துக்காரரின் மகன் எழுந்து, தன் சேரைத் தள்ளி, "உக்காரு அம்மணி" என்றார். "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

வி.ஏ.ஓ. சின்ன வயசுக்காரர், வெளியூர். "எந்தப் பேச்சைம்மா நான் நம்பறது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க. அதனால இங்க வந்து சொல்றேன்" என்றாள் அம்மா.

அவர் கொஞ்ச நேரம் அம்மாவின் சட்டையையே பார்த்தார். பிறகு, புதிதாக ஒரு விண்ணப்பம் போடச் சொன்னார். அன்று மத்தியானமே மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்த முறை சேரும் இல்லை, பைக்கும் இல்லை. அம்மா பாயை விரித்தாள், பாலில்லாத வரக்காப்பியைக் கொடுத்தாள். தாசில்தார் அலுவலகத்துக்கு அவரே போன் செய்து, அவசரம் என்று எடுத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சான்றிதழ் வந்தது. அதை அச்செடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே போய், கல்லூரி மூடுவதற்குள் கொடுத்துவிட்டேன்.

நான்கு வருஷம் படித்தேன். உதவித்தொகை ஒரு தடவைகூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, வராமலும் இருந்ததில்லை. இப்போது ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மாதம் பிறந்தால் கல்விக் கடனின் தவணை என் சம்பளத்திலிருந்து தானாகப் போய்விடுகிறது. அது போன குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் எண்ணெய்க் கறைச் சட்டையோடு அம்மா நின்ற நிற்பு ஞாபகம் வரும். வார்டில் எத்தனையோ பேருடைய தைரியத்தைப் பார்க்கிறேன், ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள்கூட உண்டு. என் அம்மா அந்த அறையில் காட்டியதற்கு ஈடாக ஒன்றையும் நான் இன்னும் பார்க்கவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஆறு சேர் வாங்கிப் போட்டேன். அம்மா தினமும் துடைத்து, சுவரோரமாக அடுக்கிவைப்பாள். ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்குக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாள். மற்றபடி பழைய அம்மாதான். சர்க்கரை தீர்ந்திருந்தால் இப்போதும் பின்வாசல் வழியாக அப்பா ஓடுகிறார்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வந்தார். அவரும் களத்தில்தான் வேலை செய்கிறார். "ஏனுங்க்கா, பாப்பாவைக் காலேஜ்ல சேக்கோணுமுங்க. வருமானச் சான்றிதழுக்கு நாளைக்கு வி.ஏ.ஓ. வாராருங்களாமா. உங்க சேரு நாலு குடுத்தீங்கன்னா, சாயங்காலமே கொண்டாந்து போட்டர்றேனுங்க" என்றார்.

ஆறு சேர்களும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன. அம்மா அவற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சேரு இல்லை அம்மணி" என்றாள். "பாய் இருக்குது, எடுத்துட்டுப் போ."