பெயரில்லாத ஸ்தோத்திரக் கவர்

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். கீரைக் கட்டைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன். ஞானஸ்நானம் எடுத்தும் போகாத குணம் இது ஒன்றுதான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

கடலூரில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் செய்த நன்மைக்காகக் காணிக்கை வைப்பவர்கள் காரணத்தைக் கவரின்மேல் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். ஒவ்வொரு வருஷமும் நான் எழுதுவது ஒன்றேதான்: 'நினைவைத் திருப்பித் தந்த தேவ அன்புக்காக.' ஆறு வருஷத்துக்கு முன், மனைவியோடு சிதம்பரம் போகும் வழியில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்குத் தலையில் அடி. பெற்ற தாயின் முகம்கூட அடையாளம் தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் மனைவியின் குரல், அப்புறம் வீட்டுக் கதவு எண், அப்புறம் சங்கீதங்கள். விழுந்த நாளின் காலை மட்டும் வரவேயில்லை. மச்சான் வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம் என்று மனைவி சொன்னாள். அதை மட்டும் எப்படியோ அவிழ்த்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் என் கவருக்கு அடுத்ததாகப் பெயரில்லாத ஒரு கவரைப் போதகர் வாசித்தார். 'மறக்கச் செய்த தேவ அன்புக்காக.' சிலர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்து கவர்களை அடுக்குவது கமிட்டியில் என் வேலை. அந்தக் கவரைக் கையில் எடுத்தேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. போர்டில் எழுதுவதுபோல, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதுவாள். அவள் கையெழுத்துதான்.

அவ்வளவுதான், சந்தேகம் கிளம்பிவிட்டது. எதை மறந்தாள்? யாரை மறந்தாள்? அவள் போனில் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுடைய ஹேண்ட்பேக்கைக்கூடத் திறந்து பார்த்தேன். சாக்பீஸ் துண்டும் மாத்திரை அட்டையும்தான் இருந்தன. மச்சானுக்குப் போன் போட்டு, நான் விழுந்த அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன விருந்து என்று பேச்சுவாக்கில் கேட்டேன். எந்த விருந்து என்று அவன் கேட்டான். அது போதும் எனக்கு. மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் மச்சானை உட்கார வைத்துக் குடைந்தேன். வெகுநேரம் பிடிகொடுக்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. உன் அக்காவுக்கு வேறு யாரோடாவது பழக்கம் இருந்ததா என்று கேட்டே விட்டேன்.

"இதேதான் மாமா அன்னிக்கும் போன் போட்டு கேட்டீங்க" என்றான். "கூட வேலை பாக்குற வாத்தியார் காலையில போன் பண்ணாருன்னு சந்தேகம் ஒங்களுக்கு. இனிமே வேணாம்னு அக்காவ எங்க வீட்ல விட்டுட்டுப் போகத்தான் கூட்டியாந்தீங்க. வழியில வுழுந்துட்டீங்க. இத ஒங்ககிட்ட யாரும் சொல்லக்கூடாதுன்னு அக்காதான் சொல்லிச்சு."

திரும்பும் பஸ்ஸில் வெட்கத்தில் உடம்பு கூசியது. என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு பெயராக எனக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். வேண்டாம் என்று கொண்டுபோய் விட இருந்தவனுக்கு! தேவ அன்பு என்று வருஷா வருஷம் எழுதினேனே, அது யார் கை வழியாக வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வீட்டில் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், நான் மறந்துபோனதற்காகவா ஸ்தோத்திரம் வைத்தாய் என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க மறந்ததுக்கு இல்ல. அன்னிக்கு நீங்க பேசின பேச்சு எனக்குத்தான் மறக்கவே இல்ல. இந்த வருஷந்தான் அது நெனப்புக்கு வராமயே நாள் போச்சு. அதுக்குத்தான் வெச்சேன். இப்ப நீங்க போயி கேட்டுட்டு வந்துட்டீங்க."

மன்னித்துவிடு என்றேன். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எதற்கு என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? அவள் மறுபடி பேனாவைத் திறந்தாள். மறந்துபோன அந்தக் காலை எனக்குத் திரும்பக் கிடைத்ததற்காக அன்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், அவமானத்தோடுதான். அவளுக்கு அது மறுபடியும் மறந்துபோகட்டும் என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு மட்டும் மறக்கவே வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.