ரொட்டி அடுப்பில் காய்ச்சிய தப்பு

கொழும்பு ரயிலுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது. பாட்டு, சினிமா, கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாகக் கூடும் பெரிய விழாவில், நாங்கள் எடுத்த குறும்படம் ஓடும்போது மேடையிலேயே நான் தப்புப் பறை அடிக்க வேண்டும். ஆனால் கொட்டகலை மலைப் பனி தப்பின் தோலில் இறங்கிவிட்டது. தட்டினால் ஈரத்துணி மாதிரி 'தொப்' என்கிறது.

ஸ்டேஷன் வாசலில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் மாரியாயி அக்கா, ஆள்கள் காத்து நிற்கும்போதே ரொட்டிக்கல்லை இறக்குகிறார்.

"கொண்டாங்க தம்பி. ரொட்டி காத்திருக்கும், ரயிலு காத்திருக்காது."

அடுப்பில் காட்டக் காட்டத் தோல் இறுகுகிறது. ஆசையில் நாலு அடி அடித்துவிடுகிறேன். எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் அத்தனை பேரும் நிமிர்கிறார்கள். தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வருகிறார்.

"யாரு வீட்டுலங்க எழவு?"

"எழவு இல்ல மாமா! தம்பி கொழும்பு விழாவுக்கு அடிக்கப் போறாரு."

"அப்படியா? நல்லா அடிங்க. அங்கயும் நிமிந்து பாக்கட்டும்!"

ரயில் வந்துவிட்டது. அக்கா ஜன்னல் வழியாகப் பழைய பேப்பர் கட்டொன்றும் தீப்பெட்டியும் நீட்டுகிறார்.

"ஏசி மண்டபத்துல தோலு மறுபடி தொங்கிப்போகும். வெளிய வந்து காய்ச்சிக்குங்க."

விழாவுக்கென்று மூன்று சட்டை மடித்து வைத்திருக்கிறேன். ஒரு தீப்பெட்டி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.